படம் எப்படி?

(கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் நடந்த சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் பேசிய அன்பர்கள் திருக்குறளைப் பற்றியும் சிலப்பதிகாரத்தைப் பற்றியும் அரிய கருத்துகளை எடுத்துரைத்தார்கள். அவர்கள் கற்றவர்கள். அடியேன் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்துவிட்டு, ரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளுக்கிடையே காலம் கழிக்கும் ஒரு குமாஸ்தா. நமது செயலாளர் அவர்கள் என்னை அழைத்து, “அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள், மார்க்கும் போடுங்கள்” என்று பணித்தார்கள். சினிமாவைப் பற்றிப் பேச என்ன தகுதி வேண்டும்? டிக்கெட் வாங்கியவர் எவரும் பேசலாம் என்பதே நாட்டு வழக்கு. அந்த ஒரு தகுதி எனக்கு நிரம்ப உண்டு என்ற துணிவில்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

அன்பர்களே! ஒருவர் படம் பார்த்துவிட்டு வந்தார் என்று தெரிந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, “படம் எப்படி?” என்பது. அதற்கு நம் குடியிருப்பில் வழங்கும் விடைகளை நான் கூர்ந்து கவனித்து வந்திருக்கிறேன். மொத்தம் நான்கே விடைகள். ஒன்று, “சூப்பர்.” இரண்டு, “பரவாயில்லை.” மூன்று, “ஒரு தடவை பார்க்கலாம்.” நான்கு, “அறுவை.” எத்தனையோ பேர் எத்தனையோ நாள் பாடுபட்டு எடுத்த மூன்று மணி நேரப் படத்துக்கு நாம் செலவிடும் சொல் ஒன்று அல்லது மூன்று. தந்தி அடித்த காலத்தில் சொல்லுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது, சிக்கனமாகப் பேசினோம். தந்திச் சேவையே 2013ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் ஏன் இந்தச் சிக்கனம்?

இதைச் சிறிய விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னையிலோ மதுரையிலோ வாழ்பவர் ஒருவர் படத்தைப் பற்றி ஒன்றும் பேசாமலிருந்தால் தமிழுக்கு நஷ்டமில்லை. தெருவில் இறங்கினால் அவர் காதில் தமிழ் விழுகிறது. நாமோ 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறோம். நம் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறார்கள். தெருவில் வங்காளியும் தெலுங்கும் பேசுகிறார்கள். வீட்டில் அவர்கள் பேசும் தமிழை நீங்களே எண்ணிப் பாருங்கள். “சாப்பாடு போடு”, “காசு கொடு”, “வருகிறேன்” என்ற மூன்று சொற்றொடர்களில் ஒரு நாள் கழிந்துவிடுகிறது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தைகளை நம் குடியிருப்பில் விரல்விட்டு எண்ணலாம். ஆனால் தமிழ்ப் படம் பார்க்காத குழந்தை ஒன்றுகூட இல்லை! ஆகவே நமது பிள்ளைகள் நீளமாக, கோவையாக, காரணம் சொல்லித் தமிழ் பேசுவதற்கு இன்று எஞ்சியிருக்கும் வாசல்களுள் பெரியது சினிமாப் பேச்சுதான். அந்த வாசலை “சூப்பர்” என்ற ஒரு சொல்லைக் கொண்டு நாமே சாத்திவிடுகிறோமே என்பதுதான் என் கவலை.

வெளி மாநிலத் தமிழருக்கும் தமிழ் சினிமாவுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. தமிழ் பேசிய முதல் படம் ‘காளிதாஸ்’. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி வெளியாயிற்று. டி. பி. ராஜலட்சுமி கதாநாயகி. அந்தப் படம் எங்கே எடுக்கப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? சென்னையில் அல்ல, பம்பாயில்! படத்திலே தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலித்தன. நம் குடியிருப்பின் மாலை நேரக் குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தமிழ்ப் படம் அப்படித்தான் பேசியிருக்கிறது. அதன் பிறகும் சில ஆண்டுகள் தமிழ்ப் படக் குழுவினர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிச் சென்றுதான் படமெடுத்துத் திரும்பினார்கள். ஆகவே தமிழ் சினிமா பிறந்ததே நம்மைப் போன்ற வெளியூர்வாசியாகத்தான் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு சிறு பெருமை உண்டு.

பிற்காலத்தில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் பிராந்திய மொழிப் படங்களை நாடு முழுவதும் ஒளிபரப்பியதை என் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வாரம் மலையாளம், மறு வாரம் அஸ்ஸாமி, அதற்கடுத்த வாரம் ஒரியா என்று வரிசையாகப் போகும். தமிழின் முறை வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்துவிட்டால், தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டில் பன்னிரண்டு குடும்பங்கள் கூடிவிடும். படம் முடிந்து காப்பி வரும். காப்பி முடிந்து பேச்சு வரும். விளக்கு வைக்கும் வரை அந்தப் பேச்சு ஓயாது. இன்று காத்திருக்க வேண்டியதில்லை. வெளியான சில வாரங்களில் படம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. ஆனால் அப்பா ஓர் அறையில் ஒரு படம் பார்க்கிறார். பையன் மற்றோர் அறையில், காதில் குழலைச் செருகிக்கொண்டு வேறொரு படம் பார்க்கிறான். படங்கள் பெருகின, பேச்சு குறைந்தது.

இனி மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். படத்துக்கு மார்க் போடுவது தமிழருக்குப் புதிதல்ல. ‘ஆனந்த விகடன்’ பத்திரிகை பல ஆண்டுகள் திரை விமர்சனத்தின் முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு வந்தது. 1977இல் வெளிவந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்துக்கு அது கொடுத்த மார்க் 62.5. இன்றும் மக்கள் வியந்து பேசும் மார்க் அது. பள்ளிக்கூடத்தில் 62 வாங்கி வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் கை இறுக்கிப் போட்ட மார்க் ஆதலால் அந்த 62.5க்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்றோ எந்தப் படத்துக்கும் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தாராளமாகக் கிடைக்கிறது. நட்சத்திரங்கள் இவ்வளவு மலிந்தால் வானத்துக்கே மரியாதை இல்லாமல் போய்விடும்!

மார்க் அல்லாத சிலவற்றை நாம் மார்க் என்று எண்ணி மயங்குகிறோம். முதலாவது, தணிக்கைச் சான்றிதழ். படத்தின் தொடக்கத்தில் காட்டப்படும் அந்தத் தாள், 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் கீழ்த் தரப்படுவது. எல்லோரும் பார்க்கலாம் என்பதற்கு ‘யு’, வயது வந்தோர் மட்டும் என்பதற்கு ‘ஏ’ என்று இரண்டே பிரிவுகள் நெடுங்காலம் இருந்தன. 1983இல் ‘யு/ஏ’ என்பதும், தனித் தொழிலினருக்கான ‘எஸ்’ என்பதும் சேர்ந்தன. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் ‘யு/ஏ’ என்பது 7 வயது, 13 வயது, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அந்த வயதுக்குக் குறைந்த குழந்தை பார்ப்பதானால் பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்பது பொருள். யாருக்கு ஏற்றது என்று மட்டுமே அத்தாள் சொல்லும். நல்ல படமா என்று சொல்லாது. ஆயினும் தாய்மார்கள் அந்த எண்ணை ஒரு கணம் கவனித்துக்கொள்வது நலம். விஜய் சேதுபதி நடித்து 2024இல் வந்த ‘மகாராஜா’ திறமையாகப் பின்னப்பட்ட படம். ஆனால் அதில் வரும் கொடுமை சிறுவர் கண்ணுக்கு உகந்ததன்று. நல்ல படம் என்பதும் குழந்தைக்கான படம் என்பதும் இரு வேறு விஷயங்கள்.

இரண்டாவது, வசூல். முதல் நாள் இத்தனை கோடி, மூன்றாம் நாள் இத்தனை கோடி என்று நம் இளைஞர்கள் மனப்பாடமாகச் சொல்லுகிறார்கள். தயாரிப்பாளருடைய கணக்குப் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய எண்ணை நாம் ஏன் சுமக்கிறோம்? வசூலானது எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று சொல்லும். என்ன மனத்தோடு வெளியே வந்தார்கள் என்று சொல்லாது.

மூன்றாவது, நடிகர் மேல் உள்ள பக்தி. தம் அபிமான நடிகரின் படம் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்னரே நூற்றுக்கு நூறு போட்டுவிடுகிறவர்கள் உண்டு. எதிர்க் கட்சி நடிகரின் படத்துக்குச் சுழியும் தயாராக இருக்கும். இரண்டுமே பரீட்சைக்கு முன்னால் போட்ட மார்க். இதனால் நம் குடியிருப்பில் இரண்டு பையன்கள் மூன்று வாரம் பேசாமலிருந்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்விரு நடிகர்களும் அந்த மூன்று வாரமும் சௌக்கியமாகவே இருந்தார்கள்.

நான்காவது, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இணையத்தில் கொட்டப்படும் தீர்ப்பு. இடைவேளைக்குள் “படம் அவுட்” என்று ஒருவர் எழுதிவிடுகிறார். பார்க்காத நூறு பேர் அதைத் தாங்களே கண்டதுபோல் பரப்புகிறார்கள். இத்தொல்லை பொறுக்காத தமிழ்த் தயாரிப்பாளர்கள், படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனத்துக்குத் தடை வேண்டும் என்று 2024ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். விமர்சனம் என்பது கருத்துரிமையைச் சேர்ந்தது, பொதுப்படையாகத் தடுக்க இயலாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். காசு கொடுத்தவன் வாயைக் கட்டுவது நியாயமன்று. ஆனால் சட்டம் கட்டாத வாயை நம் விவேகம் கட்டலாம் அல்லவா?

அவசரத் தீர்ப்பு எப்படித் தவறிப் போகும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்லுகிறேன். 1954இல் ஏவி.எம். நிறுவனம் எடுத்து, எஸ். பாலசந்தர் இயக்கி, சிவாஜி கணேசன் நடித்த ‘அந்த நாள்’ வந்தது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். ஒரு கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் கதை. ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் பாட்டு வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை, வசூலில் தோற்றது. இன்று தமிழின் தலைசிறந்த படங்களைப் பட்டியலிடுவோர் எவரும் அதை விடுவதில்லை.

மற்றொன்று நம் பாதையிலேயே நடக்கும் கதை. 2003ஆம் ஆண்டு பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’. புவனேஸ்வரத்தில் மழையால் விமானம் ரத்தாகிவிட, குணத்தில் ஒட்டாத இரண்டு பேர், கமல்ஹாசனும் மாதவனும், தரை வழியாகச் சென்னைக்குப் புறப்படுகிறார்கள். வெள்ளத்தில் ரயில் தடைப்படுவதும், விபத்தும், பிளாட்பாரத்தில் பொழுது போக்குவதும் நமக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயங்கள் அல்ல. அந்தப் படமும் வெளியானபோது எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. ஆனால் இன்று நம் வீடுகளில் எந்தப் படத்தை அதிகத் தடவை பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டால், அதைச் சொல்லாத குடும்பம் உண்டா? முதல் வாரத்தில் போட்ட மார்க்கைக் காலம் திருத்திப் போட்டுவிட்டது.

அப்படியானால் மார்க்கே போட வேண்டாமா? போட வேண்டும், ஆனால் முறையாகப் போட வேண்டும். பார்சல் ஆபீஸில் மூட்டையைப் பார்த்தவுடன், “இது ஐம்பது கிலோ இருக்கும்” என்று ஒருவர் சொன்னால் நாங்கள் ரசீது எழுதுவதில்லை. தராசில் ஏற்றுகிறோம், எடையை எழுதுகிறோம், உள்ளே என்ன பொருள் என்பதையும் எழுதுகிறோம். அதுபோலப் படத்தையும் ஐந்து தலைப்புகளில் நிறுக்கலாம் என்பது என் யோசனை. கதைக்கு 20. நடிப்புக்கு 20. பேச்சுக்கு 20, வசனத்தின் அழகும் அதில் ஒலிக்கும் தமிழும் இதில் அடங்கும். காட்சியமைப்புக்கும் இசைக்கும் சேர்த்து 20. கடைசி 20, ஒரு வாரம் கழித்து மனத்தில் எஞ்சி நிற்பதற்கு. இந்தக் கடைசித் தலைப்பை ஒரு வாரம் ஆன பிறகுதான் நிரப்ப வேண்டும் என்பது விதி. அவசரக்காரர்களுக்கு நான் வைத்திருக்கும் சிவப்பு சிக்னல் அது.

இதன்படி, அண்மையில் நம்மில் பெரும்பாலோர் பார்த்த நான்கு படங்களை நிறுத்துக் காட்டுகிறேன். என் மார்க்கை விகடன் மார்க்கோடு ஒப்பிட வேண்டாம். அது வேறு தராசு.

முதலில் ‘மெய்யழகன்’. 2024 செப்டம்பரில் வந்தது, ச. பிரேம்குமார் இயக்கியது, கார்த்தியும் அரவிந்த்சாமியும் நடித்தது. சொந்தங்களிடம் வீட்டை இழந்து 1996இல் தஞ்சாவூரை விட்டுச் சென்னைக்குப் போன ஒரு குடும்பத்தின் பிள்ளை, இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, தங்கை திருமணத்துக்காக ஓர் இரவு ஊருக்கு வருகிறார். அங்கே ஒருவர் “அத்தான், அத்தான்” என்று உயிரை விடுகிறார். வந்தவருக்கோ அவர் யார், பெயரென்ன என்பதே நினைவுக்கு வரவில்லை, கேட்கவும் கூச்சம். நண்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மில் யாருக்கு இது நேரவில்லை? பஸ் நிலையத்தில் கையைப் பிடித்து, “என்னைத் தெரிகிறதா?” என்று கேட்பவரிடம் நாம் சிரித்துச் சமாளிக்கும் சிரிப்பையெல்லாம் அரவிந்த்சாமி சிரித்துக் காட்டிவிட்டார். படம் நீளம் என்று பலர் முறையிட்டதால், வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடக் காட்சிகளைக் குறைத்தார்கள். நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் உறவினர் வீட்டுத் திண்ணைப் பேச்சு எப்போது குறுகியதாக இருந்திருக்கிறது? கதைக்கு 12, நடிப்புக்கு 15, பேச்சுக்கு 15, காட்சிக்கும் இசைக்கும் 11, நின்றதற்கு 15, ஆக 68.

அடுத்தது ‘வாழை’. மாரி செல்வராஜ் தம் இளமைக்கால அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு எடுத்து, 2024 ஆகஸ்டில் வெளியானது. பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் ஒரு சிறுவன், விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் கடன், தாய்க்கு வேறு வழியில்லை. முடிவை நான் சொல்ல மாட்டேன். தலையில் தார் ஏற்றிய அந்தப் பையனின் கழுத்து என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. நாம் பழக்கடையில் டஜன் என்ன விலை என்று கேட்கும் பொருளுக்குப் பின்னே யாருடைய கழுத்து இருக்கிறது என்று காட்டிய படம். மொத்தம் 66.

மூன்றாவது ‘லப்பர் பந்து’. தமிழரசன் பச்சமுத்து இயக்கியது, அதுவும் 2024தான். ஊர் மைதானத்தில் ரப்பர் பந்துக் கிரிக்கெட் ஆடும் இரண்டு பேருக்கிடையே பிடிவாதம். ஒருவர் தினேஷ், மற்றவர் ஹரிஷ் கல்யாண். இளையவர் காதலிக்கும் பெண் மூத்தவரின் மகள் என்பது சிக்கல். விளையாட்டுக்குள் சாதி எப்படி மறைந்து ஆடுகிறது என்பதையும் சத்தம் போடாமல் சொல்லுகிறது. நம் மைதானத்தில் ஞாயிறுதோறும் ஆடும் வாலிபர்கள் இதற்கு நூற்றுக்கு நூறு போட்டார்கள். டிராக்டர் ஓட்டி வரும் ஸ்வாசிகாவுக்காகப் பெண்மணிகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். நான் போடுவது 63.

நான்காவது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம்; 2025 மே முதல் நாள் வெளியாயிற்று. இலங்கையில் வாழ வழியில்லாமல் கடல் கடந்து சென்னைக்கு வரும் ஒரு தமிழ்க் குடும்பம், தாங்கள் யார் என்பதை மறைத்துக்கொண்டு ஒரு குடியிருப்பில் குடியேறுகிறது. சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோராக வருகிறார்கள். கதையில் சில முடிச்சுகள் வெகு சுலபமாக அவிழ்ந்துவிடுகின்றன. எல்லோரும் அளவுக்கு மீறி நல்லவர்களாகிவிடுகிறார்கள். ஆகவே நான் போட்டது 58. ஆனால் இந்த 58ஐ நான்கு படங்களுள் மிக முக்கியமானதாக நான் கருதுவதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் குடியிருப்பில் 13 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம். கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் தமிழைக் கேட்டு மாமன் மக்கள் சிரித்திருக்கிறார்கள். “இவன் இந்திக்காரன் மாதிரிப் பேசுகிறான்” என்று கேலி செய்திருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு அவன் தமிழ் பேசுவதையே விட்டுவிட்டான். தாய் தமிழில் கேட்டால் இந்தியில் பதில். பத்து மாதம் இப்படியே போயிற்று. பெற்றவள் அழாத நாளில்லை. சங்கக் கட்டடத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து இந்தப் படத்தைப் பார்த்த அன்று அவனும் வந்திருந்தான். படத்தில் அந்தக் குடும்பத்தாரிடம், வெளியே உங்கள் பேச்சைக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று எச்சரிக்கப்படுகிறது. படம் முடிந்து பெரியவர்கள் மார்க் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து, “அவங்க பேசினதும் தமிழ்தானே? அப்போ வேற மாதிரி பேசினா தப்பு இல்லைதானே?” என்று கேட்டான். பிழையும் தயக்கமுமாக, ஆனால் தமிழில் கேட்டான். அதன்மேல் கால் மணி நேரம் பேசினான். ஒருவரும் சிரிக்கவில்லை, குறுக்கே பேசவும் இல்லை. படத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டதற்கு, “85” என்றான். என் 58 எங்கே, அவன் 85 எங்கே! என் எண்ணை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் இரண்டில் எது விலை உயர்ந்தது என்று எனக்குத் தெரியும்.

இதிலிருந்து கணக்கு ஒன்றும் புலப்படுகிறது. பத்துப் பேர் பார்த்த ஒரு படத்துக்குப் பத்துப் பேரும் 50 போட்டால் சராசரி 50. மற்றொரு படத்துக்கு ஐந்து பேர் 90ம், ஐந்து பேர் 10ம் போட்டால் அதற்கும் சராசரி 50தான். இரண்டும் ஒரே மாதிரிப் படமா? முதல் படத்தைப் பார்த்துவிட்டுப் பத்துப் பேரும் தூங்கப் போய்விடுவார்கள். இரண்டாவது படத்தைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். ஆகவே இணையத்தில் காணும் சராசரி எண்ணைக் கண்டு ஏமாறாதீர்கள். எத்தனை பேர் போட்டது, எப்படிப் பிரிந்து போட்டார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று கேளுங்கள். மூன்று பேர் போட்ட 90ஐ விட முந்நூறு பேர் போட்ட 75 உறுதியானது. காரணத்தோடு போட்ட 40, காரணமில்லாத 90ஐ விடப் பயனுள்ளது. காரணம் இல்லாத மார்க், ரசீது இல்லாத சரக்கு. யாரும் பொறுப்பேற்க முடியாது.

பேசுவதற்கும் சில மரியாதைகள் உண்டு. பார்க்காதவர் முன்னிலையில் முடிவைச் சொல்லுவது பாவம். ‘மகாராஜா’ போன்ற படத்தில் முடிச்சை அவிழ்த்துவிட்டால், எதிரிலிருப்பவரின் இரண்டரை மணி நேர இன்பத்தைப் பறித்தவர்களாவோம். “இந்தப் படமா உனக்குப் பிடித்தது?” என்று ஒருவரின் ரசனையை எள்ளுவது அதைவிடப் பெரிய பாவம். படத்தைத் திட்டுங்கள், பிடித்தவரைத் திட்டாதீர்கள். பெண்மணிகளிடம், “படம் எப்படி?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் வாய் திறக்குமுன் நாமே பதில் சொல்லும் வழக்கத்தையும் ஆண்களாகிய நாம் விட்டுவிட வேண்டும். (கைதட்டல்.) தாய்மார்கள் பகுதியிலிருந்து கைதட்டல் பலமாக வருகிறது, செய்தி உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நாம் வாழும் வங்க மண்ணே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி வைத்திருக்கிறது. 1947இல் கல்கத்தாவில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். நல்ல படங்களைத் தேடிப் பார்ப்பது, பார்த்ததைப் பற்றிப் பேசுவது. வேறு வேலை இல்லை. ராய் அப்போது விளம்பர நிறுவனம் ஒன்றில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். எட்டு ஆண்டுகள் கழித்து, 1955இல், அவர் எடுத்த ‘பதேர் பாஞ்சாலி’ வெளிவந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. படம் பார்த்துவிட்டுப் பேசுவது வெட்டிப் பேச்சு என்று இனி யாராவது சொன்னால் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். நம் குழந்தைகளுக்கு வங்காளி தெரியும். அண்டை வீட்டாரை அழைத்து அந்தப் படத்தையும் சேர்ந்து பார்க்கலாம். பார்த்துவிட்டுத் தமிழில் பேசலாம். அபுவும் துர்க்காவும் ரயிலைக் காண ஓடும் காட்சிக்கு ரயில்வே குடியிருப்பில் என்ன மார்க் கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் என் வேண்டுகோள் இது. மாதம் ஒருமுறை, சம்பளம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டடத்தில் ஒரு தமிழ்ப் படத்தை யாவரும் சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். படம் முடிந்ததும் முதலில் பிள்ளைகள் பேசட்டும், பிறகு தாய்மார்கள், கடைசியில் ஆண்கள். பிழை திருத்த யாருக்கும் அனுமதி இல்லை. பேசியதையும் போட்ட மார்க்கையும் ஒரு நோட்டில் எழுதி நம் நூலகத்தில் வையுங்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை யாராவது அதைத் தமிழில் எழுதட்டும். தெரியாத பிள்ளை தன் பெயரையாவது தமிழில் எழுதிக் கையெழுத்திடட்டும். கோடு போட்ட நோட்டும் பேனாவும் வாங்கித் தரும் செலவு என்னுடையது. பத்து ஆண்டுகள் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால், எந்தப் படம் நின்றது என்பதோடு, நம் பிள்ளைகளின் தமிழ் எவ்வளவு தூரம் வந்தது என்பதும் அதில் தெரியும்.

பெரியோர்களே! படம் நன்றாக இருந்ததா என்ற கேள்விக்கு இரண்டு பேர் ஒரே விடை சொல்ல வேண்டியதில்லை. சொல்லும் விடை மட்டும் ஒரு சொல்லோடு நின்றுவிடாதிருக்கட்டும். ஏன் என்ற கேள்விக்குத் தமிழில் பதில் பிறக்கட்டும். அந்தப் பதிலை நம் பிள்ளைகளிடமிருந்து கேட்கும் பொறுமையை இறைவன் நமக்கு அருள்வானாக.

என் உரைக்கு எத்தனை மார்க் என்பதைத் தயவுசெய்து ஒரு வாரம் கழித்துச் சொல்லுங்கள்.